தானாக வந்த புத்தகங்கள்

எங்கள் மலைத் தோட்டத்தில் போனுக்கு டவர் கிடைக்கும் இடம் ஒன்றுதான். வடக்கு ஓரத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரம், அதுவும் பாதிக்கு மேல் ஏறினால். மிளகுக் கொடி அடர்ந்து படர்ந்த மரம் அது. ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கிளையைக் கொஞ்சம் விட்டு வெட்டினால் அதுதான் எங்கள் ஏணி. அதைச் சாய்த்து வைத்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறி மிளகு பறிப்போம். கீழே பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும் போன், மேலே போனதும் சட்டைப் பையில் கிணுகிணுக்கும். ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்துப் பார்ப்பேன். எனக்கு யாரும் போன் செய்வதில்லை. நானும் யாருக்கும் செய்கிறவன் இல்லை. ஆனால் புத்தகங்கள் வந்து சேர்ந்தது அந்த மரத்தின் மேல்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு காட்டு வேலைக்கு வந்துவிட்டவன். எழுத்து மறந்துபோகவில்லை. ஆனால் அச்சுப் புத்தகத்தை விரித்தால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. எந்த வரியில் விட்டேன் என்று தேடுவதற்குள் சலிப்பு வந்துவிடும். என் மகள் நர்சிங் படிக்கும்போது ஒரு டேப் வைத்திருந்தாள். ஒரு விடுமுறையில் அதில் ஒரு கதையைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி என் கையில் கொடுத்தாள். பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகம் மாதிரி இருந்தது எனக்கு. பக்கத்தைத் தள்ளப் பயந்து விரலை மேலேயே வைத்திருந்தேன்.

"தள்ளுங்கப்பா. கிழிஞ்சு போயிராது" என்றாள்.

பிறகு அதே ஆப்பை என் போனிலும் போட்டுத் தந்தாள். ஆரஞ்சு நிறக் கட்டம். எனக்கு மெயில் எதுவும் இல்லாததால் அவளுடையதையே போட்டாள். மத்தியானம் பலா மரத்தடியில் கஞ்சி குடித்த பிறகு அரை மணி நேரம் படிப்பது அப்போது ஆரம்பித்த பழக்கம்.

அவள் படிப்பை முடித்து நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கூட வேலை பார்த்த, மலைக்குக் கீழே கீழ்நாட்டுப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒரு நாள் வந்து சொன்னாள். அவன் எங்கள் சனம் இல்லை. மலையில் எங்கள் பகுதியான திண்ணனூர் நாட்டில் இருக்கும் பங்காளிகள் முழுக்க அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பேசியது என் அண்ணன்தான். அப்படிக் கட்டினால் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்றார். மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லுங்கப்பா. நீங்க வேண்டாம்னா இனி நான் இங்க வரல. பெரியப்பா சொல்லிப் போக மாட்டேன்."

நான் தரையைப் பார்த்தேன். சாணி போட்டு மெழுகிய தரையில் ஒரு சுள்ளெறும்பு போய்க்கொண்டிருந்தது. அது சுவரோரம் போய்ச் சேரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு பேர் முன்னால் எனக்கு எப்போதுமே பேச்சு வராது. அன்று வந்தே ஆக வேண்டிய பேச்சும் வரவில்லை. காலை முதல் பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள். டேப்பை விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

ஆறு மாதம் கழித்து, மரத்தின் மேல் வைத்து அவள் நம்பரை அழுத்தினேன். அப்படி ஒரு எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. இன்னொரு முறை நாமக்கல் போனபோது அந்த ஆஸ்பத்திரிக்கு எதிரில் டீக்கடையில் நின்று, வாசலையே வெகுநேரம் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கேட்காமலேயே திரும்பி வந்தேன். இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. "கேட்டா நாக்கு வெந்து போயிருமாக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டைப் பிடித்துக் கட்டப் போனாள்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. இந்த இரண்டு வருடத்தில் என் போனில் புத்தகங்கள் தானாக வந்துகொண்டிருந்தன. மாதம் ஒன்றோ இரண்டோ. மரத்தில் ஏறி இறங்கினால் ஆரஞ்சுக் கட்டத்துக்குள் புதிதாக ஓர் அட்டை முளைத்திருக்கும். முதலில் வந்தவை சின்னச் சின்னக் கதைகள். பிறகு மாடுகளைப் பற்றி ஒன்று. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்த புத்தகங்கள். ஆப் கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

கடைசியாக வந்தது உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் கதை. நான் கடலைப் பார்த்தவன் இல்லை. உப்பு எப்படி விளைகிறது, பாத்தியில் எப்படி வாரிச் சேர்க்கிறார்கள் என்றெல்லாம் படிக்கப் படிக்க, நம் வேலை மாதிரியே இருக்கிறதே என்று தோன்றியது. அந்தப் புத்தகத்தில்தான் தொல்லை ஆரம்பித்தது. மத்தியானம் அறுபதாம் பக்கத்தில் விட்டிருப்பேன். மறுநாள் மரத்தில் ஏறியதும் போனில் ஒரு வாசகம் வந்து நிற்கும்: "வேறொரு கருவியில் நீங்கள் எழுபத்தைந்தாம் பக்கத்தில் இருக்கிறீர்கள். அங்கே செல்லவா?" கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாதா? இல்லை என்பதை அழுத்துவேன். சில நாள் மிளகுப் பிசுக்கு ஒட்டிய விரல் ஆம் என்பதில் பட்டுவிடும். அதுவரை நான் பார்த்தேயிராத ஒருத்தி அழுதுகொண்டிருக்கும் இடத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். என் மாதிரி எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு, விட்ட இடத்தைத் தேடுவது பெரிய பாடு. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆப் கெட்டுவிட்டது, வேறு நல்லதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

மிளகு மூட்டையோடு காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கிய நாளில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கும். ஓயாமல் பேசுகிறவர். எனக்கு அது வசதி. நான் பேச வேண்டியதில்லை. கூட்டம் போகட்டும் என்று ஓரமாக நின்று, கடைசியில் போனை நீட்டினேன்.

"புக்கு படிக்கிற ஆப்புங்க. பக்கம் குதிக்குது. வேற நல்லதா வேணும்."

"ஏனுங்ண்ணா, மலையில இருந்து வந்து சினிமாப் பாட்டு ஏத்துங்கன்னு கேக்கறவிங்களப் பார்த்திருக்கேன். புக்கு கேட்டது நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லி ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். "உக்காருங்க. இன்னிக்கு ஒரு கை பாத்துருவோம்."

முதலில் போட்ட ஆப்பில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளித் தள்ளி நின்றன. இரண்டாவது, படிக்கவே வேண்டாம், தானே வாசித்துக் காட்டும் என்றார். ஒரு பெண் குரல் உப்பளத்துக் கதையை மூச்சு விடாமல் சொன்னது.

"பஸ் ஸ்டாண்டுல ராசிபுரம், சேலம் ஏறுன்னு சொல்ற மாதிரியே இருக்குதுல்லீங்க" என்று அவரே நிறுத்தினார்.

மூன்றாவது நன்றாக இருந்தது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் நெட் கேட்டது. "கீழ இருக்கறவனுக்கு ஆவும். மலைக்கு ஆவாதுங்க." நான்காவது பச்சை நிறக் கட்டம். எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்க முடிந்தது. தாள் பழுப்பாக, கண்ணை உறுத்தாமல் இருந்தது. நெட் வேண்டாம். மூடித் திறந்தால் விட்ட இடத்தில் நின்றது, எதுவும் கேட்கவில்லை. உப்பளத்துப் புத்தகத்தையும் மற்றவற்றையும் அதற்குள் மாற்றித் தந்தார்.

"பழச எடுத்துறலாமுங்களா? எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்குது."

தலையாட்டினேன். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவது என் வழக்கம். யோசித்துச் சொல்கிறேன் என்பதைக்கூட வாய் திறந்துதானே சொல்ல வேண்டும். அவர் விரலை வைத்து அழுத்தினார். ஆரஞ்சுக் கட்டம் நடுங்கி, இல்லாமல் போனது.

"ஆப்பு மேல தப்பே இல்லீங்ண்ணா" என்று போனைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒரே கணக்குல நீங்க ரெண்டு பேரு படிச்சிருக்கீங்க. அவிங்க அங்க பக்கத்தத் தள்ளுனா உங்குளுக்கு இங்க கேக்கும். இனிமே அந்தத் தொல்ல இல்ல."

"யாருங்க?"

"மெயில்ல ஏதோ பொண்ணு பேரு இருந்துச்சு. நேத்துக் காத்தாலகூடப் படிச்சிருக்காங்க. புக்கெல்லாம் அவிங்க போட்டதுதான். உங்குளுக்குத் தானா வந்து எறங்கியிருக்குது."

ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவர் போனைத் துடைப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"திரும்பப் போட முடியுங்களா?"

"ஆப்பப் போட்டுறலாம். பாஸ்வேர்டு தெரியுங்களா? அது இல்லாட்டி உள்ள உடாதே."

தெரியாது என்று தலையாட்டினேன். அவர் போனைக் கீழே வைத்தார். "வேற எதுலயாச்சும் அந்தக் கணக்கு தொறந்தமேனிக்கு இருக்குதுங்களா? பழைய போனு, டேப்பு, எதாச்சும்?"

டேப் இருக்கிறது என்றேன். அதற்கு நெட் கொடுத்தால் போதும், என் போனிலிருந்தே கொடுக்கலாம், தெரியாவிட்டால் கூப்பிடுங்கள் என்று ஒரு சீட்டில் தன் நம்பரை எழுதித் தந்தார். யாரைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை.

மலையேறும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சின்னக் கதைகளை முதலில் அனுப்பி, பழகப் பழகத் தடித்த புத்தகமாக அனுப்பியது கம்பெனி இல்லை. எனக்கு வந்த வாசகம் அவளுக்கும் போயிருக்கும். நான் அறுபதாம் பக்கத்தில் நின்றால், அறுபதாம் பக்கத்துக்குச் செல்லவா என்று அவள் போன் அவளைக் கேட்டிருக்கும். நான் மெதுவாகப் படிப்பதும், மழை நாளில் படிக்காமல் விட்டதும், காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்ததும் அவளுக்குத் தெரிந்திருக்கும். உப்பளத்துப் புத்தகத்தை மட்டும் அவளும் என்னோடு கூடவே படித்திருக்கிறாள். இரண்டு மாதமாக அங்கே செல்லவா என்று கேட்டதற்கெல்லாம் நான் இல்லை என்று அழுத்தியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். மகளின் வெள்ளை உடுப்புக்குக் கீழே துணியில் சுற்றிய டேப் இருந்தது. ஓர் ஓரம் விரிசல் விட்டிருந்தது.

"இத்தன நாள் ஆச்சே, செத்துப் போயிருக்கும்" என்றேன்.

"மாசத்துக்கு ஒருக்கா சார்ஜ் போட்டுத்தானுங்க வெக்கிறேன்" என்றாள். என் மனைவிக்கு எழுத்துத் தெரியாது. அதில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. "புள்ள வந்தா வேணும்ல."

மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் ஏணி வைக்க முடியவில்லை. நனைந்த மரத்தில் ஏறினால் இறங்குவது நிச்சயமில்லை. நான்காம் நாள் காலையில் மஞ்சு விலகியதும் டேப்பை மிளகுச் சாக்கில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டேன். மனைவி ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கீழ பாக்காதீங்க. டேப்பு போனாலும் போவட்டும், நீங்க உழுந்துறாதீங்க."

மேலே போய்க் கிளைக் கவட்டையில் உட்கார்ந்தேன். டேப் திறந்தது. ஆரஞ்சுக் கட்டம் அதில் இருந்தது. ஆனால் போனிலிருந்து நெட் கொடுப்பது எப்படி என்று புரியவில்லை. சீட்டை எடுத்து நம்பரை அழுத்தினேன். என் வயதில், ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக ஒருவரை நானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"நான் மலையில இருந்துங்க. புக்கு…"

"சொல்லுங்ண்ணா. டேப்பு கெடச்சுதுங்களா? எங்க இருக்கீங்க, காத்து சத்தம் இப்படிக் கேக்குது?"

"மரத்து மேலங்க."

"கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றார். பிறகு எந்தக் கட்டத்தை அழுத்த வேண்டும், அடுத்து எதை என்று, சிரிக்காமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாங்க, வந்துருச்சுங்க என்று வாய் திறந்து சொன்னேன். தலையாட்டினால் அவருக்குத் தெரியாது.

டேப்பில் ஒரு வட்டம் சுற்றியது. கீழிருந்து மனைவி, "வந்துச்சுங்களா?" என்றாள். இன்னும் சுற்றியது. பிறகு அட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் படித்த எல்லாப் புத்தகங்களும். உப்பளத்துப் புத்தகத்தைத் தொட்டேன்.

"வேறொரு கருவியில் நீங்கள் இருநூற்றுப் பதிமூன்றாம் பக்கத்தில் இருக்கிறீர்கள். அங்கே செல்லவா?"

நான் கடைசியாக விட்டது இருநூற்றுப் பன்னிரண்டு. கடைக்குப் போன நாளைக்கு முன் அவள் எனக்கு நாற்பது பக்கம் முன்னால் போயிருந்தாள். என் பக்கம் நகராமல் நின்றதைப் பார்த்து, திரும்பி வந்து, எனக்கு அடுத்த பக்கத்தில் நின்றிருக்கிறாள். ஆம் என்பதை அழுத்தினேன். அந்தப் பக்கத்தில் ஒரு வரிக்கு மஞ்சள் பூசி, ஓரத்தில் சின்னக் குறிப்பு ஒன்று இருந்தது. தொட்டதும் விரிந்தது.

"அப்பா, ஒடம்புக்கு நல்லாருக்குதுங்களா?"

அதைப் படிக்க எனக்கு எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

கீழே சொன்னேன். மனைவி ஏணியை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அண்ணாந்து, "வரச் சொல்லி எழுதுங்க. இப்பவே எழுதுங்க" என்றாள்.

அந்தக் குறிப்புக்குக் கீழே எழுதுவதற்கு இடம் இருந்தது. வா என்று எழுத ஓர் எழுத்துப் போதும். விரலை வைத்தேன். ஆனால் எழுதவில்லை. யாருக்கும் கேட்காமல் மரத்தின் மேல் உட்கார்ந்து வா என்று எழுதிவிட்டு, அவள் வந்து வாசலில் நிற்கும்போது நான் மறுபடியும் தரையைப் பார்த்தால் என்ன ஆகும்? இறங்கி வந்தேன். மனைவி எதுவும் கேட்பதற்குள், சாக்கை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தேன்.

அண்ணன் வாசலில் குச்சிக்கிழங்கின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணி உள்ளே இருந்தாள். நான் வந்து நின்றதும், "என்னடா, மழ உட்டுருச்சா உங்க பக்கம்?" என்றார்.

"புள்ளைய வரச் சொல்லப் போறேன்" என்றேன். "அந்தப் பையனையுந்தான். என் ஊட்டுக்கு."

அவர் கையில் இருந்த கிழங்கைக் கீழே வைக்கவில்லை. மண் முழுவதும் போன பிறகும் அதையே தேய்த்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினாலும் நிற்பது என்றுதான் வந்திருந்தேன்.

"இத்தன நாளா வாயில என்னடா வெச்சிருந்த?" என்றார். குரல் உயரவில்லை. "அன்னிக்கு நான் பேசிட்டு உன்னையத்தான் பாத்தேன். நீ ஒரு வார்த்த, எம் புள்ள, நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன். நீ கம்முனு இருந்த. செரி, தம்பிக்கும் அதுதான் மனசுன்னு நெனச்சேன்."

நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு வருடமாக இவர்தான் என் மகளைத் துரத்தினார் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு, இவர் வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் இருந்தேன். அவளும் என்னைப் பார்த்தாள், இவரும் என்னைப் பார்த்திருக்கிறார். நான் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊருல நாலு பேரு நாலு சொல்லுவாங்க" என்றார் அண்ணன்.

"நான் பதில் சொல்லிக்கறேன்."

"நீயா?" என்று ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏ, இவனுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார். அண்ணி கொண்டுவந்த சொம்பை வாங்கிக் குடித்தேன்.

டேப்பை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஏணியை வைத்து ஏறினேன். மஞ்சள் பூசிய அந்த வரியை அப்போதுதான் படித்துப் பார்த்தேன். உப்பளத்து அப்பன், வேலை முடிந்து வரப்பில் உட்கார்ந்து காலைக் கழுவுகிற இடம். பெரிதாக ஒன்றும் இல்லை. அதன் ஓரத்தில், அவள் குறிப்புக்குக் கீழே, எழுத்து எழுத்தாகத் தேடி அழுத்தினேன். "நல்லாருக்கேன் சாமி. ரெண்டு பேரும் வாங்க. பெரியப்பாகிட்ட நான் சொல்லிட்டேன்." அதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. வட்டம் சுற்றி நின்ற பிறகுதான் இறங்கினேன்.

அந்த மரத்தில் மிளகு முடிந்திருந்தது. இருந்தாலும் மறுநாளும் ஏறினேன், அதற்கு மறுநாளும். அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஏணியை எடுக்கும்போது மனைவி, "பறிச்ச மரத்துலயே பறிக்கிறீங்கன்னு பக்கத்துக் காட்டுக்காரன் கேக்கறான்" என்று சொல்லிவிட்டு, தானே வந்து அடியைப் பிடித்துக்கொண்டாள். அன்று பதில் இருந்தது.

"ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுக்கு வாரோம். அது வரைக்கும் பொஸ்தகத்த முடிச்சுறாதீங்கப்பா."

பச்சை நிற ஆப் இன்னும் என் போனில் இருக்கிறது. எழுத்துத் தெளிவாக இருக்கும், விட்ட இடத்தில் நிற்கும், ஒன்றும் கேட்காது. கடைக்காரர் நல்லதாகத்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அதை நான் திறக்கவில்லை. டேப்பைத் துணியில் சுற்றிச் சாக்கில் வைத்துக்கொண்டு இறங்கினேன். இருநூற்றுப் பதிமூன்றுக்குப் பிறகு ஒரு பக்கமும் தள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மனைவி தகரப் பெட்டியில் இருந்த வெள்ளை உடுப்பை எடுத்து வாசலில் காயப் போட்டிருந்தாள்.